பெங்களூரில் சத்திரம்

பெங்களூருக்குப் போகிறோம் என்று யாராவது வந்து சொன்னால் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன். அங்கே போய்ச் சத்திரம் எங்கே என்று கேட்காதீர்கள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. போன தை மாதத்திலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்தாலே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன்.

என் மகளுக்குப் பதினோரு வயது. ஐப்பசியில் அவளுடைய கன்னம் உப்ப ஆரம்பித்தது. அதுவரை எலும்பும் தோலுமாக இருந்தவள். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், கூட இருக்கும் டீச்சர்கள், இப்போதுதான் பிள்ளைக்குச் சோறு போடுகிறீர்களா என்று கேலி செய்தார்கள். கண் பட்டுவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லவும், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். கார்த்திகையில் அவளுடைய கொலுசைக் கழற்ற முடியவில்லை. ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தோம். கொலுசு இருந்த இடத்தில் காலைச் சுற்றி ஒரு பள்ளம். விரலால் தடவினேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தில் கோளாறு என்றார்கள். உடம்புக்கு வேண்டிய சத்தெல்லாம் சிறுநீரில் போய்விடுகிறதாம். உப்பு ஒரு கல்கூடக் கூடாது. பெங்களூரில் இதற்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், திங்கட்கிழமைகளில் புதிதாக வருகிறவர்களைப் பார்ப்பார், மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நாக்பூர் பக்கம் லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கும் தெரியாது, லாரி ஆபீசிலும் தெரியாது. அவருக்காகக் காத்திருந்து மார்கழி முழுக்கப் போயிற்று. தை பிறந்தும் வரவில்லை. மகளுக்குக் காலையில் கண் இமை திறக்க முடியாத அளவுக்கு வீங்கத் தொடங்கியிருந்தது. நானே கூட்டிப் போகிறேன் என்று தலைமையாசிரியரிடம் லீவு கேட்டேன். ஒருவேளை அங்கே தங்க நேர்ந்தால் என்ன செய்வது என்று என் பயத்தையும் சொன்னேன்.

"எதுக்குங்க டீச்சர் பயப்படறீங்க? அவ்ளோ பெரிய ஊர்ல ஒரு சத்திரம் இல்லாமயா போயிரும்? ஒண்ணோ ரெண்டோ குடுத்தா பாய் குடுப்பான். புள்ளைய பக்கத்துல போட்டுக்கிட்டு படுத்து எந்திரிச்சு வாங்க" என்றார்.

அவர் போய்த் தங்கிய பெரிய ஊர்கள் பழநியும் திருவண்ணாமலையும்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு தைரியமாக இருந்தது. எங்களுக்கு ஓட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். லாட்ஜ் என்றால் வியாபாரிகளும், சொல்லக் கூசுகிற சிலரும் தங்குகிற இடம். குடும்பத்தோடு போகிறவர்கள் தங்குவது சத்திரத்தில்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே பஸ் ஏறினோம். உப்பில்லாத இட்லியைத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டேன். டாக்டர் நல்ல மனிதர். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். மகளின் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேனைக் கொடுக்கச் சொன்னார். இப்போதிருந்து நாளைக் காலை வரை பிள்ளைக்கு எத்தனை முறை சிறுநீர் வந்தாலும் ஒரு சொட்டு விடாமல் இதில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். அளந்து பார்த்தால்தான் மருந்தின் அளவு தெரியும். ஆய்வகத்தில் அந்தக் கேனுக்குள் கெடாமல் இருக்க ஏதோ மருந்து விட்டுத் தந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இடம் உண்டா என்று கேட்டேன். நர்ஸ் வராந்தாவைக் காட்டினாள். அங்கே தரையிலேயே ஆட்கள் படுத்திருந்தார்கள். சேர்க்கப்பட்ட நோயாளிகளோடு வந்தவர்களாம், அவர்களையும் ராத்திரி வெளியே அனுப்பிவிடுவார்களாம்.

ஊருக்குத் திரும்பிவிட்டு மறுநாள் வரலாமே என்று பிறகு பலரும் கேட்டார்கள். பஸ்ஸில் நாலு மணி நேரம், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும்தான் நிறுத்துவான். பதினோரு வயதுப் பெண் பிள்ளையை எங்கே உட்கார வைத்துக் கேனில் பிடிப்பது? எனக்கு வேண்டியிருந்தது ஒரு தாழ்ப்பாள் போட்ட கதவும் அதற்குள் ஒரு பாத்ரூமும், நாளைக் காலை வரைக்கும். அவ்வளவுதான். கேனை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்தபடி நடந்தேன்.

முதலில் போன லாட்ஜில் கண்ணாடிக் கதவு இருந்தது. வாடகையைக் கேட்டதும் என் ஒரு வாரச் சம்பளம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குத் தள்ளி இருந்ததிலும் கிட்டத்தட்ட அதேதான். முகூர்த்த நாள், ஊரெல்லாம் கல்யாணம், அதனால் ரேட் அப்படித்தான் என்றான் அங்கிருந்தவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னச் சின்ன லாட்ஜுகள் இருக்கும், போய்ப் பாருங்கள் என்று வழி காட்டினான்.

அங்கே போனேன். முதல் லாட்ஜில் மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் எனக்கும் மகளுக்கும் பின்னால் யாரோ வருகிறார்கள் என்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் வராததைப் பார்த்து, "யஜமானரு எல்லி?" என்றார். வீட்டுக்காரர் எங்கே என்கிறார். லாரியில் போயிருக்கிறார் என்று சொன்னேன்.

"பரீ ஹெங்கசரிகெ ரூம் கொடல்லம்மா" என்றார். பெண்கள் மட்டும் வந்தால் ரூம் கிடையாது. கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

இதே பதிலை இன்னும் இரண்டு இடங்களில் கேட்டேன். நான் டீச்சர் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு இடத்தில் அதைச் சொன்ன பிறகு என்னைக் கூடுதலாக ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்கள்.

நாலாவது லாட்ஜில் இருந்தவர் தமிழர், சேலத்துக்காரர். தருமபுரி என்றதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆம்பளைத் துணை இல்லாவிட்டால் என்ன, நம்ம ஊர்க்காரங்களுக்கு இல்லாததா என்றார். வாடகையும் தாங்குகிற அளவு. சாவிக்குக் கையை நீட்டியவர் மகளின் முகத்தை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தார்.

"புள்ளைக்கு என்னங்க?"

சொன்னேன். கேன் எதற்கு என்பதையும் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. நம்ம ஊர்க்காரர் என்ற எண்ணத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. போன மாசம் ஆஸ்பத்திரிக்கின்னு வந்து தங்குன ஒருத்தரு ரூம்லயே போய்ட்டாருங்க. போலீசு, போஸ்ட்மார்ட்டம்னு ஒரு வாரம் லோல்பட்டோம். நோயாளின்னா ரூம் குடுக்காதேன்னு மொதலாளி கண்டிசனா சொல்லிட்டாருங்க."

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வெளியே வந்த பிறகு, "அவரு யாரும்மா செத்துப் போனது?" என்றாள். யாரோ வயதானவர் என்று சொன்னேன்.

அப்போதுதான் தலைமையாசிரியர் சொன்ன சத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை நேரம் ஏன் கேட்காமல் லாட்ஜ் லாட்ஜாக அலைந்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன். எங்கள் தெருவில் கன்னடம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு எனக்கும் வரும். மர நிழலில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், இங்கே 'சத்ர' எங்கே இருக்கிறது என்று சுத்தமான கன்னடத்திலேயே கேட்டேன்.

"யாவ சத்ர?" என்றாள். எந்தச் சத்திரம்?

எதுவாக இருந்தாலும் சரி என்றேன். அவள் பூக் கட்டுவதை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பின் சிரித்துவிட்டு, தெருக்கோடியைக் கையால் காட்டினாள். போகும்போது ஒரு முழம் மல்லிகையை அளந்து மகளின் தலையில் தானே வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்றாள். பிள்ளையின் நிலையைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த முதல் நல்ல சகுனம் என்றுகூட நினைத்தேன்.

தெருக்கோடியில் பெரிய கட்டடம். வாசலில் வாழை மரம், சீரியல் பல்பு, உள்ளே நாதஸ்வரம். சத்திரத்தில் யாருக்கோ கல்யாணம் நடக்கிறது போலும். பழநியில் அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் வழிப்போக்கர்களுக்கு அறைகள் இருக்கும். நுழைந்ததும் ஒரு சின்னப் பெண் எங்கள் மேல் பன்னீர் தெளித்தாள். கல்கண்டுத் தட்டை நீட்டினாள். மகள் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

பட்டுப் புடவை கட்டிய ஒரு வயதான அம்மாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். தவில் சத்தத்தில் எனக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டது: "...கடெ?" எந்தப் பக்கம் என்று கேட்கிறாள்.

"தருமபுரி கடெ" என்றேன்.

"ஓ, தருமபுரியா" என்று அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. நான் அறையைப் பற்றிக் கேட்பதற்குள், வாருங்கள் என்று மாடிக்கு அழைத்துப் போனாள். ஓர் அறை. ஜமக்காளம் விரித்திருந்தது. ஓரமாகத் தாம்பூலத் தட்டுகள், புடவைப் பெட்டிகள். இன்னும் சில பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயே தாழ்ப்பாள் போட்ட பாத்ரூம். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாடகை எவ்வளவு என்று கேட்டேன். அந்த அம்மாள் நான் தமாஷ் செய்வதாக நினைத்து என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கீழே போனாள்.

மகளைக் கேனோடு பாத்ரூமுக்குள் விட்டேன். அவள் வெளியே வந்ததும் கூடையை மூடி மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். காலையிலிருந்து முதல் தடவையாக முதுகைச் சுவரில் சாய்த்தேன். பெண்கள் பேசுவதைக் கேட்கக் கேட்கத்தான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அவர்கள் யாரும் வழிப்போக்கர்கள் இல்லை. எல்லோரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள். மாப்பிள்ளைப் பக்கமா, பெண் பக்கமா என்றுதான் அந்த அம்மாள் என்னைக் கேட்டிருக்கிறாள். நான் தருமபுரிப் பக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுந்து போயிருக்கலாம். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. மகள் என் மடியில் தலை வைத்துத் தூங்கியிருந்தாள். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் அப்படியே இருந்தேன். இடையில் ஒரு தடவை எழுப்பிக் கேனை உபயோகித்தோம். பாதிக் கேன்கூட வரவில்லை, ஆனாலும் சேர்ந்துகொண்டு வந்தது. ஒரு சொட்டு விடவில்லை.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். எனக்குப் பசியில்லை, பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லியும் விடவில்லை. கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார்கள். இலை போட்டார்கள். முதல் ஆள் வந்து இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைத்துவிட்டுப் போனான். அடுத்தவன் ஊறுகாய். மகள் அதையே பார்த்தாள். இரண்டு மாதமாக அவள் நாக்கு உப்பைப் பார்க்கவில்லை. நான் அவள் இலையை என் பக்கம் இழுத்து, போசியைத் திறந்து காலையில் மிஞ்சிய இட்லியை எடுத்தேன். அது காய்ந்து வெடித்திருந்தது.

எதிர் வரிசையிலிருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். தமிழிலேயே கேட்டாள்.

"தருமபுரில இருந்து வந்தவங்க நீங்கதாங்களா? எங்க சின்ன மாமியாரு சொன்னாங்க. நானும் தருமபுரிதான். யாரு வூடுங்க நீங்க?"

யாரு வூடு என்று எங்கள் பக்கம் கேட்டால் ஒரே கேள்வியில் எல்லாம் வந்துவிடும். அப்பன் யார், புருஷன் யார், எந்தத் தெரு, யாருக்கு என்ன உறவு. அந்த ஊரில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. யார் வீடும் இல்லை என்றேன். ஆஸ்பத்திரிக்கு வந்தோம், சத்திரம் கேட்டோம், இங்கே காட்டினார்கள் என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் விளங்காமல் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, இங்க சத்ரம்னா கல்யாண மண்டபங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவளிடம் கன்னடத்தில் சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். சிரிப்பு வரிசையோடு போயிற்று. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. பாவம், சாப்பிடுங்கள் என்றும் சொன்னார்கள்.

நம்ம ஊர்ச் சத்திரம் மாதிரி இடத்துக்கு இங்கே என்ன பெயர் என்று அவளிடம் கேட்டேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பல வருஷம் ஆனவள். யோசித்தாள்.

"அதுக்கு இங்க பேரு ஏதும் நான் கேட்டதில்லீங்க" என்றாள்.

ராத்திரிக்கு மட்டும் அந்த அறையின் ஓரத்தில் இருந்துகொள்கிறோம், விடிந்ததும் போய்விடுகிறோம் என்று கெஞ்சினேன். அவள் எழுந்துபோய்த் தன் மாமியாரிடம் பேசினாள். பேசும்போது ஏன் வந்தோம் என்பதையும் கேன் விஷயத்தையும் சொல்லியிருக்க வேண்டும். பந்தி முடிகிற நேரத்தில் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"அந்த ஒயர் கூடையிலயாங்க இருந்துது?"

ஆமாம் என்றேன்.

"தாலி வெச்ச தட்டுங்க அந்த ரூம்லதான் இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம். நான் மாடிக்கு ஓடினேன். மூலையில் கூடை இல்லை. அறையில் தண்ணீர் தெளித்து, மஞ்சள் வாசனை வந்துகொண்டிருந்தது. கொல்லைப்புறம் கொண்டுபோனார்கள் என்றாள் ஒரு பெண். சமையல்கட்டைத் தாண்டிக் கொல்லைக்குப் போனேன். பாத்திரம் தேய்க்கும் இடத்தில், அண்டாக்களுக்கும் குண்டான்களுக்கும் நடுவில், என் கேன் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவதி அதைப் புளி போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, தண்ணீர் வடியட்டும் என்று கவிழ்த்து வைத்திருந்தாள்.

நான் அதை நிமிர்த்தி உள்ளே பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. ஆய்வகத்தில் விட்ட மருந்தும் போயிருந்தது.

திரும்பி வந்தபோது மகள் பந்தியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் விலக்கி வைத்த இலை மறுபடி அவள் முன்னால் இருந்தது. இலை ஓரத்தில் உப்பு இருந்த இடம் ஈரமாக, சுத்தமாக இருந்தது. அவள் விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அந்தத் தருமபுரிப் பெண் வாசல் வரை வந்து வெற்றிலை பாக்கும் தேங்காயும் கொடுத்து அனுப்பினாள். எல்லோருக்கும் கொடுப்பதுபோலத்தான். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து விடியவைத்தோம். காலையில் ஆய்வகத்தில் காலிக் கேனை வைத்து நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பரவாயில்லை, இப்போதிருந்து மறுபடி ஆரம்பியுங்கள், நாளைக்கு இதே நேரத்தில் கொண்டுவாருங்கள் என்று புதிதாக மருந்து விட்டுத் தந்தார். அவரைப் பொறுத்தவரை அது சரிதான். நான் வெளியே வந்து தெருவைப் பார்த்தேன். நேற்று ஏறி இறங்கிய லாட்ஜ்களின் போர்டுகள் எல்லாம் அங்கிருந்தே தெரிவதுபோல இருந்தது. மகள் நிற்க முடியாமல் என் இடுப்பில் சாய்ந்தாள். தருமபுரி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்காரர் மாசி பாதியில் வந்தார். மூன்று பேருமாகப் போனோம். பெண்களுக்கு ரூம் இல்லை என்ற அதே பெரியவர், இவரைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். மகள் தலையில் முக்காடு போட்டு முகத்தை மறைத்திருந்தேன். கேன் நிறைந்தது, கொடுத்தோம், அளந்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டர் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார். தையிலேயே ஏன் கேனைக் கொண்டுவரவில்லை, இத்தனை நாள் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்.

"எடம் கெடைக்கலீங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை என்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவசரம் என்று என்னிடம் சொல்லியிருந்தால் எப்படியாவது ஒரு பெட் வாங்கித் தந்திருப்பேனே அம்மா என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மகளின் முக்காட்டைச் சரிசெய்தேன்.

மருந்து கொடுத்தார்கள். பங்குனியில் வீக்கம் வடிந்து, பழைய முகத்தைப் பார்த்தோம். ஆனியில் மறுபடி ஏறிவிட்டது. இப்போது முன்னைவிட அதிகம். மருந்து பிடிக்கவில்லையா, பிந்திப் போனதா என்று யாரும் எனக்குத் தெளிவாகச் சொல்வதில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. வீட்டில் உப்பு ஜாடியை எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் ஒரே சமையல்தான். வரும் திங்கட்கிழமை மறுபடி கேன் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வடக்கே போயிருக்கிறார். லாரி ஆபீசுக்குத் தினமும் பள்ளி விட்டதும் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

நேற்று மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பாமலேயே கேட்டாள்.

"அப்பா வரலின்னா அந்தச் சத்திரத்துக்கே போலாமாம்மா?"

"அது கல்யாணம் பண்ற எடம் கண்ணு. இப்ப ஆடி மாசம். யாரும் கல்யாணம் வெக்க மாட்டாங்க."

நான் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன்.

"அப்ப ரூமெல்லாம் காலியாத்தானம்மா இருக்கும்?" என்றாள்.